பக்கத்தின் வலது பாதி

அன்புள்ள அக்கா,

ஒவ்வொரு வருடமும் ஆசை ஆசையாக ஒரு பிளானர் வாங்குகிறேன். ஜனவரி முழுக்கக் கலர் கலராக எழுதுகிறேன். மார்ச்சில் பாதிப் பக்கங்கள் காலி. அப்புறம் எடுப்பதே இல்லை. 2021, 2023, 2024 என்று மூன்று பிளானர்கள் அலமாரியில் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. ஸ்டிக்கரும் வாஷி டேப் என்கிற கலர் காகித டேப்பும் ஒட்டி அழகாக வைத்திருப்பவர்களின் வீடியோக்களைப் பார்த்தால், எனக்கு மட்டும் ஏன் இது வரவில்லை என்று தோன்றுகிறது. பிளானரைப் புதுமையாகவும் பயனுள்ளதாகவும் பயன்படுத்த வழி சொல்லுங்கள். இல்லை, பேசாமல் செல்போனுக்கே போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் பழைய டைரிகளை நான் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருப்பேனா தெரியவில்லை.

செல்போனா காகிதமா என்பது பெரிய கேள்வியே இல்லை. மணி அடிக்க வேண்டியதெல்லாம் போனில் இருக்கட்டும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ரயில் நேரம், கட்டணம் கட்டக் கடைசி நாள் எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். காகிதம் உங்களைக் கூப்பிடாது, நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும். இதோடு இதை விட்டுவிடலாம்.

ஸ்டிக்கர் ஒட்டுவது உங்களுக்குப் பிடித்தால் ஒட்டுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த வீடியோக்களைப் பார்த்து உங்களைக் குறைவாக நினைப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பக்கங்கள் கேமராவுக்காக எழுதப்பட்டவை. இன்று பார்டரும் பூவுமாகத் தெரிகிற, வெற்று நோட்டில் வேலைகளைக் குறித்துவைக்கும் புல்லட் ஜர்னல் முறையை 2013ல் வெளியிட்ட ரைடர் கேரோல், சின்ன வயதிலிருந்தே கவனச்சிதறலோடு போராடியவர். தனக்கு உதவுவதற்காக அவர் உண்டாக்கிய முறை அது. ஒரு பேனா, ஒரு நோட்டு, வேலைக்கு ஒரு புள்ளி, முடிந்தால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். மாதக் கடைசியில் முடியாத வேலைகளை அடுத்த மாதத்துக்குக் கையால் திரும்ப எழுத வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அந்தச் சிரமம் வேண்டுமென்றே வைத்தது. மூன்று முறை எடுத்து எழுதச் சலிக்கிற வேலை, அநேகமாக நீங்கள் செய்யவே போவதில்லாத வேலை. ஆப் அதைச் சத்தமில்லாமல் அடுத்த நாளுக்குத் தள்ளிவிடும், கை தள்ளாது.

சரி, உங்கள் மார்ச் மாதத்துக்கு வருகிறேன்.

உங்கள் பிளானர் நின்றுபோகக் காரணம் சோம்பல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதில் நீங்கள் எழுதுவதெல்லாம் நடக்க வேண்டியது மட்டும்தான். நடந்தது எங்கேயும் இல்லை. எட்டு வேலை எழுதி மூன்று முடித்தால், மற்ற ஐந்தும் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைக் குற்றம் சொல்கின்றன. அன்று எதிர்பாராமல் நீங்கள் செய்த நாலு நல்ல காரியங்களுக்கு அங்கே இடமே இல்லை. தினமும் திட்டு வாங்க யார் அந்தப் புத்தகத்தைத் திறப்பார்கள்?

என் அப்பாவுக்கு நடுவில் சில காலம் தலைசுற்றல் இருந்தது. எப்போது வருகிறது என்று டாக்டர் கேட்டால் "அப்பப்போ" என்பார் அப்பா. அம்மா அதிகம் படித்தவர் அல்ல. யாரோ கொடுத்த ஒரு அலுவலக டைரியில், தேதிக்கு நேரே, அப்பா மாத்திரை போட்ட நேரம், தலை சுற்றிய நேரம், அன்று எப்படித் தூங்கினார் என்பதை மட்டும் எழுதிவந்தார். ஒரு நாள் அதை அப்படியே டாக்டரின் மேஜையில் வைத்தார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ரத்த அழுத்த மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்தான் தலை சுற்றியிருந்தது. அளவைக் குறைத்தார். பிறகு அது வரவில்லை. அந்த டைரியில் ஒரு திட்டம்கூட இல்லை. ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. ஒரு பிளானரை இதைவிடப் புதுமையாக யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஒற்றைத் தலைவலிக்காரர்களை இப்படி ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளச் சொல்லும் மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள். நினைவு அப்பாவைப் போல "அப்பப்போ" என்றுதான் சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வேலை விஷயத்திலும் எழுதிவைக்காத நம் கணக்கு இப்படித்தான் தப்பிப்போகும். புஹ்லர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். இதில் என்னை உலுக்கியது ஒன்றுண்டு. முந்தைய வேலைகள் இழுத்துக்கொண்டு போனது அவர்களுக்கு நினைவில் இல்லாமல் இல்லை. புதுக் கணக்குப் போடும்போது அந்தப் பழைய அனுபவத்தை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீங்களும் நானும் செய்வதும் இதுதானே?

அதனால் சொல்கிறேன், கோடு போடுங்கள். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பாதியில் செய்ய வேண்டியது, பக்கத்திலேயே எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் கணக்கு. வலது பாதியில் ராத்திரி படுக்கும் முன் நடந்ததும், உண்மையில் ஆன நேரமும். 'அரை மணி' என்று நினைத்த வேலை ஒன்றேமுக்கால் மணி ஆனால் அப்படியே எழுதுங்கள். வெட்கப்படாதீர்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. பட்டியலில் இல்லாமல் வந்த வேலையையும் எழுதுங்கள். தோழி போனில் அழுதாள், ஒரு மணி நேரம் கேட்டீர்கள் என்றால் அதுவும் அந்த நாளின் வேலைதான். ஒரு மாதம் போனதும் இடது பாதி தானாகச் சுருங்கும். எட்டு எழுதிய கை நாலு எழுதும், நாலும் முடியும்.

லியூபிஷேவ் என்று ஒரு ரஷ்யப் பூச்சியியல் அறிஞர் இருந்தார். தன் நேரம் எதில் போனது என்று 1916ல் எழுதத் தொடங்கி, 1972ல் சாகும்வரை எழுதினார். இடையில் வீணான நிமிடங்களைக் கழித்துவிட்டு, சுத்தமாக வேலை செய்த நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பார். மாதத்துக்கு ஒரு கூட்டல், வருடத்துக்கு ஒரு கூட்டல். அடுத்த வருடத் திட்டத்தை அந்தக் கூட்டலை வைத்துத்தான் போடுவார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், நானும் போகவில்லை. ஆனால் அவர் செய்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் நடந்தது, அதிலிருந்து நடக்கப்போவது. நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள், எஸ். ஜனவரி ஒன்றாம் தேதி கையில் ஒரு கணக்கும் இல்லாமல் வருடம் முழுவதற்கும் திட்டம் போடுகிறீர்கள். இதை மூன்று முறை செய்துவிட்டு, புதுமையான வழி சொல் என்று என்னைக் கேட்கிறீர்கள்!

ஒரு வாரம் எழுதாமல் போனால் உட்கார்ந்து யோசித்து நிரப்பாதீர்கள். அது பொய்க் கணக்காகிவிடும். அந்த வாரத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். 'காய்ச்சல்'. 'ஊரிலிருந்து ஆட்கள்'. 'மனசு சரியில்லை'. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த ஒரு சொல் நிறையப் பேசும்.

கடைசிச் சில பக்கங்களை விட்டுவையுங்கள். யாருக்கு எந்தப் புத்தகம் இரவல் கொடுத்தீர்கள், எந்தச் சாமானை எப்போது பழுதுபார்த்தீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கே எழுதலாம்.

இந்தத் தடவை புதிது வாங்காதீர்கள். அலமாரியில் இருப்பதை எடுங்கள். 2021ன் தேதிகளும் கிழமைகளும் 2027க்கு அப்படியே பொருந்தும். இரண்டு வருடமும் வெள்ளிக்கிழமையில் தொடங்குகின்றன, இரண்டும் லீப் வருடம் இல்லை. அச்சடித்த விடுமுறை நாட்களை மட்டும் நம்பாதீர்கள், அவற்றில் பல மாறும். 2024 லீப் வருடம் என்பதால் கொஞ்சம் சிக்கல், ஆனால் மார்ச் 1 முதல் அது 2030ஓடு ஒத்துப்போகும். 2023 திரும்பப் பொருந்த 2034 வரை ஆகும். அதற்குக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே அதை எடுங்கள். நீங்கள் மார்ச்சில் விட்ட பக்கத்தைத் திறந்து, அச்சடித்த தேதியை அடித்துவிட்டு இன்றைய தேதியைப் போட்டு, கோட்டை இழுங்கள். முதல் ஒரு மாதம் இடது பாதியில் எதுவும் எழுத வேண்டாம். வலது பாதி மட்டும் போதும். அந்த மாதம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா