கையில் 138, காலில் எவ்வளவு?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பள்ளியில் நடந்த முகாமில் பிரஷர் 138/86 என்றார்கள். அடிக்கடி தலைவலி என்கிறான். ஓடினால் கெண்டைக்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறான். ஊறுகாய், செல்போன்தான் காரணமா? இணையத்தில் தேடினால் கிட்னி ஃபெயிலியர் என்று வருகிறது. என் மாமியார் அவர் போடும் பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டனில் பாதியைக் கொடுக்கிறார். ஆயுசுக்கும் மாத்திரைதானா?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அந்த அரை மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருந்தால், இந்த வகை மாத்திரையே சிறுநீரகத்தைப் பாதிக்கும். இணையத்தில் படித்துப் பயந்ததை வீட்டிலேயே வரவழைத்துக்கொள்வீர்கள். ஊறுகாயும் செல்போனும் 9 வயதுப் பிள்ளையை 138-க்குக் கொண்டுபோகாது. அதை விடுங்கள்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கெண்டைக்கால் வலி, விஷயம் அதில்தான் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, தலைக்கும் கைகளுக்கும் கிளை கொடுத்துவிட்டு வளைந்து கீழே இறங்கும். இறங்கும் இடத்தில் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஓர் இறுக்கம் இருக்கும். அதற்கு மேலே அழுத்தம் ஏறும், கீழே கால்களுக்கு ரத்தம் போதாது. தலைவலி, ஓடினால் கால்வலி, சில்லிட்ட பாதம் எல்லாம் அதனால் வரலாம்.

கண்டுபிடிக்க முதலில் தேவை பிரஷர் கருவியும் டாக்டரின் விரல்களும்தான். பையன் 5 நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, படுக்கவைத்து வலது கையிலும் ஒரு காலிலும் பார்க்கச் சொல்லுங்கள். இடது கைக்குப் போகும் கிளை சில சமயம் இறுக்கத்திலேயே மாட்டியிருக்கும், அங்கே அளந்தால் குறைவாகக் காட்டி ஏமாற்றும். கையில் சுற்றும் பட்டையும் சரியாக இருக்க வேண்டும்: உள்ளே காற்று நிரம்பும் பையின் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதமாவது வேண்டும். சின்னப் பட்டை பொய்யாக ஏற்றிக் காட்டும். முகாம்களில் பாதிக் குழப்பம் இதில்தான். ஆனாலும் இந்த வயதில் 120-ஐத் தாண்டினாலே அதிகம், ஆகவே உங்கள் மகனின் அளவைப் பட்டையின் மேல் பழிபோட்டு ஒதுக்க முடியாது.

சாதாரணமாகக் காலில் கையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கையைவிடக் காலில் 20 குறைந்தாலோ, தொடை இடுக்கில் நாடி மெலிந்திருந்தாலோ, கைநாடிக்குப் பிந்தித் துடித்தாலோ, உடனே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். பெருந்தமனி வளைவையும் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். இதய அறைகளை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பினால் இது தப்பிவிடும்.

காலில் அளவு சரியாக இருந்தால் அடுத்தது சிறுநீர்ச் சோதனை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கினாலும் பிரஷர் ஏறும். அந்தச் சுருக்கத்துக்கு நம் நாட்டுப் பிள்ளைகளிடம் முக்கியமான காரணம் டகாயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சி. ஒரு கையில் நாடியே கிடைக்காவிட்டால் அதைச் சந்தேகிக்கலாம்.

ஆயுசுக்கும் மாத்திரையா என்று கேட்டீர்கள். பெருந்தமனி இறுக்கமாக இருந்தால், அறுவை சிகிச்சையாலோ, பலூன் அல்லது ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தோ விரித்துவிடலாம். தாமதித்தால் விரித்த பிறகும் பிரஷர் இறங்காமல் போகலாம், அதனால்தான் இந்த வாரமே போகச் சொல்கிறேன். சரிசெய்த பிறகும் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு.

வாந்தியுடன் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் நாள் பார்க்காமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். எக்கோ முடியும்வரை ஓட்டப்பந்தயப் பயிற்சி வேண்டாம்.