அட்டையை வெட்டி அடுக்கிப் பார்த்தவர்

வணக்கம் சார். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பிள்ளைகளின் படைப்புச் சிந்தனையை வளர்க்க மைண்ட் மேப் மென்பொருள், ஏஐ எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். ஆனால் ஒரு கணக்கைக் கொடுத்தால், வீட்டில் யாருடைய போனிலாவது கேட்டு விடையை எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "கம்ப்யூட்டர் பக்கம் விட்டால் யோசிக்கிறதே போய்விடும்" என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். கணினியை வைத்துக்கொண்டு யாராவது உண்மையிலேயே புதிதாக யோசித்திருக்கிறார்களா? நான் எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

யோசித்திருக்கிறார்கள். உங்கள் பாடத்திலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். டேவிட் ஸ்மித் என்று பெயர். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் கடற்கரையோரம் பிரிட்லிங்டன் என்ற ஊர். அச்சுத் துறையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கணிதம் அவருக்குத் தொழில் இல்லை. வடிவங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதில் அப்படியொரு ஆசை, அவ்வளவுதான்.

அவர் கையில் எடுத்தது பழைய கேள்வி. தரையில் டைல்ஸ் ஒட்டும்போது ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். எப்படி அடுக்கினாலும் அப்படித் திரும்பி வராமல், ஆனால் இடைவெளியும் இல்லாமல், முடிவே இல்லாத தரையை நிரப்பும் டைல்கள் உண்டா? உண்டு என்று 1966-இல் ராபர்ட் பெர்கர் காட்டினார். அவருக்குத் தேவைப்பட்டவை 20,426 வகை டைல்கள். எழுபதுகளில் ரோஜர் பென்ரோஸ் அதை இரண்டே வகையாகக் குறைத்தார். ஒரே ஒரு வகை போதுமா என்பது மட்டும் ஏறத்தாழ ஐம்பது வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது.

2022 நவம்பரில் ஸ்மித் வழக்கம்போல ஒரு மென்பொருளில் வடிவங்களை உருவாக்கி, திரையில் எவ்வளவு தூரம் நிரப்ப முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, கொஞ்ச தூரம் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இல்லையென்றால் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வர ஆரம்பித்துவிடும். காற்றில் விடும் பட்டம் போன்ற எட்டு நாற்கரங்களை ஒட்டிச் செய்த பதின்மூன்று பக்க வடிவம் ஒன்று இரண்டுமே செய்யவில்லை. அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். திரையை விட்டு எழுந்தார். அந்த வடிவத்தில் முப்பது துண்டுகளை அட்டையில் வெட்டி, மேஜையில் கையால் அடுக்கினார். போதவில்லை, இன்னும் முப்பது வெட்டினார். இதுவரை பார்க்காத ஏதோ ஒன்று இது என்று அவருக்குப் பட்டது.

அப்புறம்தான் கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலுள்ள கிரெய்க் கேப்லனுக்கு எழுதினார். ஒரு வடிவத்தைச் சுற்றி அதே வடிவத்தை எத்தனை அடுக்கு வைக்க முடியும் என்று கணக்கிடும் நிரல் கேப்லனிடம் ஏற்கெனவே இருந்தது. அடுக்குகள் வளர்ந்துகொண்டே போயின. ஆனால் எத்தனை அடுக்கு வந்தாலும் அது நிரூபணம் ஆகாதே! கேம்பிரிட்ஜில் மென்பொருள் எழுதும் ஜோசப் மையர்ஸும் கணிதர் கைம் குட்மன்-ஸ்ட்ராஸும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு பேரும் 2023 மார்ச்சில் நிரூபணத்தை வெளியிட்டார்கள். அந்த வடிவத்துக்கு இன்று 'தொப்பி' என்று பெயர்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. தொப்பி டைல்களில் சிலவற்றைத் திருப்பிப் போட்டால்தான் தரை நிரம்பும். கண்ணாடியில் தெரிவது மாதிரி. 'அப்படியென்றால் இரண்டு வடிவம்தானே' என்று சிலர் கேட்டார்கள். தொப்பியின் நீளங்களை மாற்றிக்கொண்டே போனால் ஒரு பெரிய குடும்பமே கிடைக்கிறது. அதில் எல்லாப் பக்கமும் சமமான ஒரு வடிவம் உண்டு. அது திரும்பத் திரும்ப வரும் அமைப்பையும் தந்துவிடும் என்பதால், இந்தக் கேள்விக்கு உதவாது என்று கட்டுரையிலேயே விலக்கி வைத்திருந்தார்கள். ஸ்மித் அதை எடுத்து, திருப்பிப் போடவே கூடாது என்று தனக்குத் தானே ஒரு விதி வைத்துக்கொண்டு அடுக்கினார். அமைப்பு திரும்பி வரவில்லை! அதன் நேர்ப்பக்கங்களை வளைத்துவிட்டால் விதியே வேண்டாம்; திருப்பிப் போட்ட டைல் இடுக்கில் நுழையாது. அதே வருடம் மே மாதம் அதற்கும் நிரூபணம் வந்துவிட்டது.

இந்தக் கண்டுபிடிப்பில் கணினிக்குப் பெரிய பங்கு உண்டு. அது இல்லாமல் இத்தனை வடிவங்களை ஒரு மனிதர் சோதித்துத் தள்ளியிருக்க முடியாது. 'இப்படி வைத்தால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு உடனே பதில் காட்டியது, கேட்கக் கேட்கச் சலிக்காமல் காட்டியது. ஆனால் 'இது விநோதமாக இருக்கிறதே' என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்ல, நூற்றுக்கணக்கான வடிவங்கள் தோற்பதைப் பார்த்துப் பழகிய கண் வேண்டியிருந்தது.

எக்ஸெலுக்கு முன்னோடியான விசிகால்க் 1979-இல் வந்தபோதும் நடந்தது இதுதான். ஓர் எண்ணை மாற்றினால் அட்டவணை முழுவதும் தானே மாறிவிடும் என்றதும், கடைக்காரரும் கணக்குப்பிள்ளையும் அதுவரை கேட்கத் தயங்கிய 'விலையை இவ்வளவு குறைத்தால்?' என்ற கேள்வியைப் பத்து முறை கேட்கத் துணிந்தார்கள்.

அதனால் உங்கள் சக ஆசிரியர் சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். விடையைக் கொடுத்துவிடும் கருவி யோசனையைக் கெடுக்கும். விளைவைக் காட்டும் கருவி யோசனையை வளர்க்கும். ஒரே ஏஐ இரண்டாகவும் இருக்க முடியும். 'இந்தக் கணக்கைப் போட்டுக் கொடு' என்பது ஒன்று. 'என் வழி இது, இது பொய்யாகிற ஓர் உதாரணம் காட்டு' என்பது வேறு. இரண்டாவதைக் கேட்க, பிள்ளையிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தாக வேண்டும். மைண்ட் மேப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தெரிந்ததை ஒழுங்குபடுத்த நல்லது.

எதில் தொடங்குவது? ஜியோஜீப்ரா. வடிவங்களை வரைந்து, இழுத்து மாற்றிப் பார்க்கிற கணித மென்பொருள். இலவசம், போனிலும் ஓடும். ஏதாவது ஒரு நாற்கரம் வரையச் சொல்லுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் சரி. நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் உள்ளே என்ன வடிவம் வரும் என்று முதலில் நோட்டில் எழுத வையுங்கள். அப்புறம் திரையில் இணைக்கட்டும். இணைகரம் வரும். ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். உள்ளே குழிந்தாலும், பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டாலும் இணைகரம் இணைகரமாகவே இருக்கும். வகுப்பில் யாராவது கட்டாயம் 'ஏன் மிஸ்' என்று கேட்பார்கள்.

அதற்குப் பதில் திரையில் இல்லை. நாற்கரத்தின் ஒரு மூலைவிட்டத்தை வரைந்தால் இரண்டு முக்கோணம் கிடைக்கும். முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணையாக, அதில் பாதியாக இருக்கும் என்ற நடுப்புள்ளித் தேற்றம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்த மூலைவிட்டத்தை மட்டும் நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். அன்றைய பீரியட் முழுக்கப் போனாலும் பரவாயில்லை, மறுநாள் வரைக்கும் விடுங்கள். யாராவது போட்டுவிட்டால் எனக்கு எழுதுங்கள்.