லாரல்–ஹார்டி குறும்படங்களில் சறுக்கியது எது? ஏன்?

"லாரல்–ஹார்டி குறும்படங்களிலேயே சுமாரானது எது, அவ்வளவு கெட்டிக்காரர்கள் அதில் எங்கே கோட்டை விட்டார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஹாலிவுட் நகைச்சுவை ஜோடியின் படங்களில் பலர் 1929ல் வந்த 'பெர்த் மார்க்ஸ்' படத்தைக் கைகாட்டுவார்கள். ரயிலின் மேல் பெர்த்தில் இருவரும் உடுப்பைக் கழற்ற முடியாமல் புரள்வதைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அது அவர்களின் இரண்டாவது பேசும் படம். மைக் வந்த புதுசு என்று விட்டுவிடலாம். 1931ல் வந்த 'பீ பிக்!' படத்துக்கு அந்தச் சாக்கும் கிடையாது. பேசும் படம் கைவந்துவிட்ட பிறகு எடுத்தது. என் ஓட்டு இதற்குத்தான்.

மனைவிமாரோடு அட்லாண்டிக் சிட்டிக்குப் புறப்படப் பெட்டி கட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து கிளப்பிலிருந்து போன்: இன்று ராத்திரி உங்கள் இருவருக்காகத்தான் விருந்தே. ஹார்டி உடம்பு சரியில்லை என்று சுருண்டு படுக்கிறார். பெண்கள் முன்னால் போகட்டும், ஆண்கள் காலையில் வந்து சேர்வார்கள் என்று ஏற்பாடு. அவர்கள் தலை மறைந்ததும் கிளப் சீருடையை எடுத்து மாட்டுகிறார்கள். குதிரைச் சவாரி உடுப்பு, முழங்கால் வரை இறுக்கமான பூட்ஸ். அவசரத்தில் குண்டு ஹார்டி தன் காலை ஒல்லி லாரலின் பூட்ஸுக்குள் நுழைத்துவிடுகிறார். போச்சு. அதன்பின் படத்தின் பெரும்பங்கு அந்த பூட்ஸைக் கழற்றுவதிலேயே போகிறது.

ஒரே வேலையை இழுத்து இழுத்துச் சிரிக்க வைப்பது இவர்களுக்குத் தொழில்தானே, இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். அடுத்த வருஷமே, 1932ல், 'தி மியூசிக் பாக்ஸ்' எடுத்தார்கள். அதுவும் 'பீ பிக்!' போல மூன்று ரீல்தான் (ரீல் என்றால் ஒரு படச்சுருள்), கிட்டத்தட்ட அதே அரை மணி நேரம்தான். அதிலும் ஒரே வேலைதான்: ஒரு பியானோவைப் படிக்கட்டில் ஏற்ற வேண்டும். அதற்கு ஆஸ்கரே கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், விடை தானாகத் தெரியும்.

படிக்கட்டில் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. பாதி ஏறிவிட்டார்கள், முக்கால்வாசி ஏறிவிட்டார்கள் என்று நாமும் மனசுக்குள் கூடவே ஏறுகிறோம். பியானோ கையை விட்டு நழுவிக் கீழே ஓடும்போது நமக்கும் நஷ்டம். பூட்ஸில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. காலில் இருக்கிறது, அல்லது இல்லை. லாரல் பத்தாவது தடவை இழுக்கும்போதும் முதல் தடவை இருந்த இடத்திலேயேதான் நிற்கிறோம்.

அடுத்தது ஆட்கள். படிக்கட்டில் தள்ளுவண்டியோடு ஆயா வருகிறாள், போலீஸ்காரர் வருகிறார், கோபக்காரப் பேராசிரியர் வருகிறார். ஒவ்வொருவரும் ஒரு புதுச் சண்டையைக் கொண்டுவருகிறார்கள். வீட்டைச் சுற்றிச் சாலையே இருக்கிறதே என்று தபால்காரர் சொன்னதும், மேலே ஏற்றிவிட்ட பியானோவை மறுபடி கீழே இறக்கி, அந்தச் சாலை வழியாகக் கொண்டுபோகிறார்களே, அந்த முட்டாள்தனத்துக்கு ஈடே இல்லை. 'பீ பிக்!' நடுப்பகுதியிலோ மூடிய வீட்டுக்குள் இரண்டே பேர். வலி முழுக்க ஹார்டிக்கு. லாரலுக்கு இழுப்பதைத் தவிர வேலை இல்லை. 'பிக் பிசினஸ்' படத்தில் இவர்கள் வீட்டை உடைக்க, வீட்டுக்காரர் இவர்கள் காரை உடைப்பார். அந்த மாறி மாறி அடிக்கும் தாளம் இங்கே செத்துக்கிடக்கிறது.

நீளத்துக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். அப்போதெல்லாம் இவர்கள் படங்களை எடுத்த ஹால் ரோச் ஸ்டுடியோவில் இதே நடிகர்களை வைத்தே பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் திரும்ப எடுப்பார்கள். மொழி தெரியாது, உச்சரிப்பைப் பலகையில் எழுதிவைத்துப் பார்த்துச் சொல்வார்கள். 'பீ பிக்!' கதையையும் இவர்களின் இன்னொரு குறும்படமான 'லாஃபிங் கிரேவி' கதையையும் ஒட்டி அந்த மொழிகளில் முழுநீளப் படமாக வெளியிட்டார்கள். அங்கே நிமிடங்கள் தேவைப்பட்டன. ஒரு ரீல் 1000 அடி, சுமார் 11 நிமிடம். பூட்ஸ் நகைச்சுவை தாங்குவது அதில் பாதியைத்தான்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விழுந்த பிறகு ஹார்டி நம்மைப் பார்த்து முறைக்கும் இடைவெளிகள் தியேட்டரில் சிரிப்பு அடங்குவதற்காக விட்டவை. போனில் தனியாகப் பார்த்தால் அந்த இடமெல்லாம் வெறும் மௌனமாக நீளும். படம் உள்ளதைவிட மோசமாகத் தெரிவதற்கு அதுவும் காரணம்.

முதல் பத்து நிமிடம் நிஜமாகவே நன்றாக இருக்கும். ஹார்டி நோயாளி வேஷம் போடுவதைத் தவற விடாதீர்கள். அதன்பின் தாராளமாக ஓட்டிவிட்டு, ரயிலைத் தவறவிட்ட பெண்கள் திரும்பி வரும் இடத்தில் நிறுத்துங்கள். சுவரோடு மடங்கும் கட்டிலுக்குள் இருவரும் ஒளிவதும், துப்பாக்கி வெடிப்பதும் கடைசியில் சட்டென்று வந்து போய்விடும். நியாயமாக ஒரு ரீல் அதற்குத்தான் தந்திருக்க வேண்டும்.

பிறகு 1933ல் வந்த 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' பாருங்கள். அதே கிளப், அதே பொய் நோய். ஆனால் அங்கே பொய் வளர்கிறது: நோயைப் பார்க்க மாட்டு வைத்தியர் வருகிறார், கடல் பயணம் என்று கதை கட்டுகிறார்கள், கடைசியில் மனைவிமார் தியேட்டரில் நியூஸ்ரீல் (செய்திப் படம்) பார்க்கும்போது திரையில் ஊர்வலம் போவது இவர்களேதான்.