அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கிராமம். நான் முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறேன். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். மழை தொடங்கியதிலிருந்து வாரத்தில் பாதி நாள் வெட்டு இல்லை. விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் மீன் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. ஐடிஐ படிக்கும் 17 வயது மகன், பத்தாம் வகுப்பில் 15 வயது மகள், மாமியார், நாங்கள் இருவர் என வீட்டில் ஐந்து பேர். சாசேஜும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்தால் செலவும் குறைவு, அரை மணி நேரத்தில் வேலையும் முடியும் என்று வளைகுடாவில் இருக்கும் நாத்தனார் சொல்கிறார். நான் வீடு வர ஆறரை மணி ஆகும். எட்டு மணிக்கு ஜெபம் முடிந்ததும் பரிமாற வேண்டும். மகள் உள்ளி (வெங்காயம்) உரித்துத் தந்துவிடுவாள். பாக்கெட்டில் பத்து சாசேஜ் இருக்கிறது. மகனுக்கு நான்கு, அவருக்கு மூன்று, மாமியாருக்கு ஒன்று. மகளுக்கு இரண்டு போதும், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். எனக்குக் கிழங்கே போதும். எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள். பாக்கெட் சாப்பாடு போடுகிறாளே, சோம்பேறி என்று மாமியார் நினைப்பாரோ என்றும் மனம் உறுத்துகிறது.

பதில்: தங்கச்சி, மாமியார் என்ன நினைப்பார் என்ற கேள்விக்கு நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. பகல் முழுவதும் முந்திரிப் பருப்பின் தோலோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து ஐந்து பேருக்கு அடுப்பு மூட்டுகிறவரைச் சோம்பேறி என்று ஒருவர் நினைத்தால், நினைத்துக்கொள்ளட்டும். செய்முறையும் கடினமானதல்ல, கீழே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னால் தாண்டிப் போக முடியாத இடம் வேறு. "மகளுக்கு இரண்டு போதும், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

ஏன் சொல்ல மாட்டாள்? பசி இல்லாததாலா? சாசேஜ் பிடிக்காததாலா? அப்படி இருந்தால் அதை எழுதியிருப்பீர்கள். அவள் சொல்ல மாட்டாள் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது. அதை நம்பித்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மகன் சொல்வான், அதனால் அவனுக்கு நான்கு. கணவர் முகம் சுளிப்பார், அதனால் அவருக்கு மூன்று. வாய் திறக்காதவளுக்கு இரண்டு. இப்படிப் பங்கு வைக்கும் வீட்டில் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? முரண்டு பிடிப்பவனுக்குத் தட்டு நிறையும், பொறுத்துப்போகிறவளுக்குக் குறையும் என்பதைத்தான். ஒரு பாக்கெட் சாசேஜை வைத்து இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கெடுக்கிறீர்கள்.

உள்ளியை யார் உரிக்கிறார் என்றும் நீங்களே எழுதிவிட்டீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளி உரிக்கிறாள். அந்த நேரத்தில் நான்கு சாசேஜுக்கு உரியவர் எங்கே இருக்கிறார்? கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் செய்யும் வேலை என்று ஒரு வரிகூட இல்லை.

வளருகிற பையன், பசி அதிகம் என்பீர்கள். பசி அதிகம் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அதற்குச் சோறு இருக்கிறது, கிழங்கு இருக்கிறது, இன்னொரு அகப்பை போடுங்கள். ஆனால் 15 வயதுப் பெண்ணும் வளருகிற பிள்ளைதானே? மாதந்தோறும் இரத்தம் இழக்கிறவளும் அவள்தானே? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையைப் பாருங்கள். 13 முதல் 15 வயது வரையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். உங்கள் மகன் வயதுப் பையனுக்கு 26 போதும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31 பேருக்கு. இந்த 59 பேரும் சோறில்லாத வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பள்ளிக்கூடங்களில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அது எதற்கென்று யோசித்திருக்கிறீர்களா? வீட்டுத் தட்டில் விழாததை அரசாங்கம் மாத்திரையாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கோழி சாசேஜில் இரும்புச்சத்து அப்படியொன்றும் கொட்டிக்கிடக்கவில்லை. இரண்டு கூடுதலாகத் தின்றால் அவளுக்கு இரத்தம் ஊறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாசேஜில் இந்தக் கணக்குப் போடுகிறவர் மீனிலும் முட்டையிலும் வேறு கணக்குப் போட மாட்டார். நடுத்துண்டு யாருக்கு, வால் துண்டு யாருக்கு? மூன்று முட்டைதான் இருக்கிறது என்றால் எந்தத் தட்டில் முட்டை விழாது? எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்.

நம் மாவட்டத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது என்றால் பவுன் கணக்கு என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியும். இன்னும் சில வருடங்களில் நீங்களும் அவரும் கடன் வாங்கியாவது அவள் கழுத்து நிறையப் போடப் பார்ப்பீர்கள். நாலு பேர் பார்க்கிற நாளில் அவள் கழுத்தில் நகை ஏற்றத் துடிக்கிற பெற்றோர், யாரும் பார்க்காத சமையலறையில் அவள் தட்டிலிருந்து குறைக்கிறார்கள். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. இந்தப் பழக்கத்தோடு போகிற வீட்டிலும் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டாள். கர்ப்பகாலத்தில் தலை சுற்றினாலும் சொல்ல மாட்டாள். அங்கே உள்ளவர்கள் "தங்கமான பெண்" என்று மெச்சுவார்கள், நீங்களும் பெருமைப்படுவீர்கள்.

அவளுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது என்று தேட வேண்டியதில்லை. "எனக்குக் கிழங்கே போதும்" என்கிற வரி அதற்கு அடுத்தாற்போல் நிற்கிறது. அம்மா எடுத்துக்கொள்ளாததை மகள் எப்படிக் கேட்பாள்? தியாகம் என்று நினைத்துச் செய்கிறீர்கள். அதை நான் புகழ மாட்டேன். உழைக்கிறவருக்குச் சாப்பிடும் கடமையும் உண்டு. ஐந்து பேரும் ஒன்றாக முழங்கால்படியிட்டு ஜெபித்துவிட்டு எழுந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்றுமில்லை என்று தட்டுகளைப் பிரிப்பது எந்த விதத்தில் நியாயம்?

இனி அடுப்புக்கு வருவோம். சாசேஜும் உருளைக்கிழங்கும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் உழைக்கும் குடும்பங்களின் இரவுச் சாப்பாடு. இங்கிலாந்தில் பச்சை இறைச்சியில் செய்த சாசேஜை வாங்கி, சிறு தீயில் நேரமெடுத்துப் பொரிப்பார்கள். நம் ஊர் பேக்கரி ஃப்ரீசரிலும் கோல்ட் ஸ்டோரேஜிலும் கிடைக்கும் கோழி சாசேஜ் பெரும்பாலும் முன்பே வேகவைத்து உறையவைத்தது. பாக்கெட்டின் பின்புறத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மாலையில் பதமாக இருக்கும். மறந்துவிட்டால் பாக்கெட்டைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் போடுங்கள். உறைவு விட்டதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

சாசேஜை முழுதாகப் பரிமாறாதீர்கள். நறுக்குங்கள். ஒவ்வொன்றையும் சாய்வாக ஆறு துண்டு போட்டால் பத்து சாசேஜில் 60 துண்டு வரும். ஆளுக்குப் பன்னிரண்டு. கிழங்கோடு கலந்துவிட்டால் "எனக்கு எத்தனை" என்ற பேச்சே எழாது. வெட்டுப்பட்ட இடமெல்லாம் சிவந்து முறுகுவதால் ருசியும் கூடும். எட்டு சாசேஜ் போட்டாலே ஐந்து பேருக்குத் தாராளம், இரண்டை மிச்சம் பிடிக்கலாம்.

முக்கால் கிலோ உருளைக்கிழங்கு எடுத்துக்கொள்ளுங்கள். முளைவிட்ட இடத்தையும் பச்சை பிடித்த இடத்தையும் செதுக்கி எறியுங்கள். மற்றபடி தோல் சீவ வேண்டாம், தேய்த்துக் கழுவினால் போதும். விரல் கனச் சதுரங்களாக நறுக்கி, கொதிக்கும் நீரில் ஏழெட்டு நிமிடம் வேகவிடுங்கள். கத்தி நுழைய வேண்டும், உடையக் கூடாது. வடித்த பிறகு அந்தப் பாத்திரத்திலேயே இரண்டு நிமிடம் ஆவி போக விடுங்கள். இதை விட்டுவிட்டால் கிழங்கு சட்டியில் ஒட்டிக் குழைந்துவிடும். முறுகாததற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஈரம்தான்.

கிழங்கு வேகும்போதே இன்னொரு அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து, ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் சாசேஜ் துண்டுகளைச் சிவக்க வறுத்து எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, நறுக்கிய உள்ளி, இரண்டு பச்சை மிளகாய். உள்ளி வதங்கியதும் மஞ்சள் தூளும் கிழங்கும் போட்டுப் பரப்புங்கள். பிறகு நாலைந்து நிமிடம் கிண்டாமல் விடுங்கள். கரண்டியை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது நமக்குக் கஷ்டம், ஆனாலும் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் ஒருமுறை புரட்டி, சாசேஜைச் சேர்த்து, நல்லமிளகைப் பொடித்துத் தூவுங்கள். வீட்டில் முருங்கை நின்றால் இரண்டு கைப்பிடி இலையை உருவி அப்போது போடுங்கள். அந்த இலையில் இரும்புச்சத்து இருக்கிறது. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் அந்தச் சத்து உடம்பில் சேரவும் உதவும். உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகே. சாசேஜிலேயே நிறைய உப்பு இருக்கிறது. மாமியாருக்கு இரத்த அழுத்தம் உண்டென்றால் அவர் பங்கில் சாசேஜுக்குப் பதில் ஒரு அவித்த முட்டை வையுங்கள். சம்பா அரிசிச் சோற்றுக்கும் கஞ்சிக்கும் இது நன்றாகச் சேரும்.

இதையே வாராவாரம் செய்யாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015ஆம் ஆண்டு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. எப்போதாவது சாப்பிடுவதால் பயப்பட வேண்டாம், தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. முட்டையும் பயறும் இதைவிட மலிவு. தடைக்காலத்திலும் வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவரும் சாளையும் நெத்தோலியும் சில நாள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். பர்மா அரிசி வராமல் போன இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் திருவிதாங்கூர் மக்கள் மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) தின்று தாக்குப்பிடித்தார்கள், அன்று நம் ஊரும் அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. கிழங்கை நம்பி நாள் ஓட்டுவது நமக்குப் புதிதல்ல.

வேலைப் பங்கீட்டையும் சொல்லிவிடுகிறேன். உள்ளியும் பூண்டும் இனி மகன் உரிப்பான். நீங்கள் வீடு வருவதற்குள் கிழங்கைக் கழுவி நறுக்கி வைப்பதும் அவன் வேலை. ஐடிஐயில் இரும்பை அளந்து அறுக்கக் கற்கிற கைக்குக் கிழங்கு நறுக்க வராது என்று சொல்லாதீர்கள். மகள் அந்த நேரத்தில் புத்தகத்தோடு உட்காரட்டும். கணவரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். மகளின் தட்டு எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று அவரும் கவனித்திருக்க வேண்டும்.

முதல் நாள் பரிமாறும்போது மகன் நிச்சயம் கேட்பான், "எனக்கு ஏன் குறைவு?" என்று. குறைவில்லை, எல்லோருக்கும் இதுதான் என்று மகள் காதில் விழும்படி சொல்லுங்கள். உங்கள் தட்டிலும் பன்னிரண்டு துண்டு இருக்கட்டும். ஆகஸ்டில் தடை முடிந்து குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் மீன் வரத் தொடங்கும். அப்போது உங்கள் வீட்டில் நடுத்துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்று எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.