எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு: கேட்டவர்களுக்குப் பதில்

நுவரெலியாவுக்குக் கல்யாணம் முடித்து வந்தேன் அக்கா. அம்மா வீடு மட்டக்களப்பு. அங்கே பூவாய் வெந்த கத்தரிக்காய் இங்கே நறுக்கு நறுக்கென்று நிற்கிறது. என்ன பிழை?

உங்கள் கையில் பிழையில்லை தங்கச்சி, மலையில்தான். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். நெருப்பைக் கூட்டினால் குழம்பு வற்றுமே தவிர சூடு ஏறாது. அதோடு புளியை முதலிலேயே ஊற்றியிருப்பீர்கள். புளிப்பு பட்ட காய் லேசில் மசியாது.

எண்ணெய்க்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை, எந்த மலையிலும் நன்றாகக் காயும். அதனால் காயை எண்ணெயிலேயே முக்கால் பதம் வேகவிடுங்கள். காம்புக்குக் கீழே ஈர்க்கால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அப்புறம்தான் அரைப்பு, புளி. பச்சை வாசம் போக ஊரில் விட்டதைவிடக் கூடுதல் நேரம் சிறு நெருப்பில் விடுங்கள்.

எண்ணெய் முழுவதையும் காயே குடித்துவிடுகிறதே?

குடிக்கும், கத்தரிக்காய் பஞ்சு மாதிரி. நாலாகக் கீறி உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டு வதக்குங்கள். காய் கறுக்கவும் கறுக்காது. மூடி போட்டு வதக்குங்கள். மசிந்து வரும்போது குடித்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும்.

அரைப்புக்கு அளவு சொல்லுங்கள் அக்கா.

அரைக் கிலோ பிஞ்சுக் காய்க்கு மல்லி 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 7, சீரகம் 1 தேக்கரண்டி, கச்சான் 2 மேசைக்கரண்டி, எள்ளு 1 மேசைக்கரண்டி, தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி. தனித்தனியாக வறுங்கள். எள்ளு பொரியத் தொடங்கியதும் இறக்காவிட்டால் குழம்பே கசக்கும். தேசிக்காயளவு புளி போதும். தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை.

புளிக்குப் பதில் கொரக்கா போடலாமா?

போட்டால் யாரும் பொலிசுக்குப் போகப்போவதில்லை. ஆனால் அது மீனுக்குப் பொருந்துகிற புளிப்பு. இது தமிழ்நாட்டுப் புளிக்குழம்புக் குடும்பம். நான் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் மீன் துண்டைத் தேடினார்கள்.

தேங்காய்ப்பால்?

அது யாழ்ப்பாணத்துப் பால்கறி. அருமையான கறிதான், வேறொரு நாள் பேசுவோம்.

ஹட்டன் சந்தையில் காய் எப்படிப் பார்த்து வாங்குவது?

கத்தரி சூடு கேட்கிற செடி. குளிரில் சரியாகக் காய்க்காது என்பதால் கீழ்நாட்டிலிருந்து மூட்டையில் வருவதே அதிகம், வழியில் வாடிவிடும். காம்பு பச்சையாக, தோல் பளபளவென்று, கையில் கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். கீறும்போது விதை பழுப்பாக இருந்தால் முற்றல், கசக்கும். அதைக் குழம்பில் சேர்க்காதீர்கள்.

காலையில் ரொட்டிக்கு ஆகுமா?

அதற்காகத்தானே இரவில் இரண்டு காய் கூடுதலாகப் போடுகிறோம்! சூடாக்கும்போது தண்ணீர் விடாதீர்கள். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கட்டும், தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டியால் வழித்துச் சாப்பிடலாம்.