எலும்புக்குப் பரவிய புற்றுநோய்: கேள்வி பதில்

கதிர்வீச்சுப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்காமல் மருந்தின் அளவு சொல்ல மாட்டேன், மற்றதைக் கேளுங்கள். அதற்கு முன் ஒன்று. புற்றுநோய் வந்தவருக்கு முதுகோ இடுப்போ வலித்தால் யாரிடமும் நீவக் கொடுக்காதீர்கள். இன்றைக்கு இதை நாலு தடவையாவது சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல், மகள்: அம்மாவுக்கு ஆறு வருடம் முன்பு மார்பில் கட்டி எடுத்தார்கள். இப்போது இடுப்பெலும்பில் இருக்கிறதாம். புதிதாக எலும்புப் புற்றுநோய் வந்துவிட்டதா டாக்டர்?

இல்லையம்மா. அது பழைய மார்பகப் புற்றுநோய்தான், வீடு மாறியிருக்கிறது. எலும்பிலேயே பிறக்கிற புற்றுநோய் வேறு, பெரியவர்களுக்கு அது அபூர்வம். இந்த வித்தியாசம் பெயருக்கு மட்டுமில்லை, வைத்தியமே இதை வைத்துத்தான். இடுப்பில் இருந்தாலும் மார்பகப் புற்றுக்கான மருந்துதான் கொடுக்க வேண்டும்.

எலும்பை ஏன் தேடிப்போகிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஸ்டீபன் பேஜெட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தார். ரத்தம் போகிற இடமெல்லாம் நோய் ஒரே மாதிரி விழவில்லை, சில உறுப்புகளில்தான் பிடித்திருந்தது. விதை எல்லாப் பக்கமும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று 1889இல் எழுதினார். சிவப்பு மஜ்ஜை உள்ள முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடையெலும்பின் மேல்பகுதி எல்லாம் அப்படிப்பட்ட மண்.

உங்கள் எலும்பு இந்த நிமிஷமும் இடிபட்டுக் கட்டப்படுகிறது. இடிக்க ஒரு வகை செல், கட்ட ஒரு வகை. புற்று செல் பெரும்பாலும் தானே எலும்பைத் தின்பதில்லை, இடிக்கிற ஆளைத்தான் தூண்டிவிடுகிறது. இடியும்போது எலும்புக்குள் சேர்ந்து கிடந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வரும், அவற்றைத் தின்று புற்று இன்னும் பெருக்கும். நுரையீரல், சிறுநீரகம், தைராய்டில் இருந்து வந்தது பெரும்பாலும் எலும்பை அரிக்கும். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் இருந்து வந்தது கட்டுகிற ஆளை வெறிபிடித்தவன் மாதிரி வேலை வாங்கும். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் தெரியும், ஆனால் கலவை சரியில்லாத கான்கிரீட் மாதிரி, பலம் இருக்காது. மார்பகத்தில் இரண்டும் கலந்து வரும்.

முடிந்தால் இடுப்பெலும்பில் இருந்து சதை எடுத்து ஹார்மோன் ஏற்பியையும் ஹெர்-2வையும் (எந்த மருந்து பிடிக்கும் என்று காட்டுகிற, புற்று செல்லில் உள்ள புரதங்கள்) மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வருடத்தில் அவை மாறியிருக்கலாம். ஹார்மோன் ஏற்பி இருந்தால் கீமோவுக்கு முன்னால் ஹார்மோன் மாத்திரையும், கூடவே பால்போசிக்லிப், ரிபோசிக்லிப் போன்ற மருந்தும் பெரும்பாலும் முதலில் வரும்.

சேலம்: நான்காம் நிலை என்றால் எத்தனை மாதம் சார்?

எங்கிருந்து பரவியது என்றே எழுதவில்லையே. மார்பகமோ புராஸ்டேட்டோ எலும்பில் மட்டும் இருந்தால் பல வருடம் நடமாடுகிறவர்கள் உண்டு. நுரையீரல் என்றால் கணக்கு வேறு. பார்க்கிற மருத்துவரிடம் கேளுங்கள், அதுவும் நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்காதீர்கள்.

கரூர்: பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எலும்பு கட்டிக்கொள்ளுமா?

சாப்பாடாகக் கொடுங்கள், நன்றாக இருக்கும். புற்று அரித்த எலும்பு அதனால் கட்டாது.

ஷார்ஜா, மகன்: அப்பா ஊரில் இருக்கிறார், 71 வயது, புராஸ்டேட். முதுகுவலி ஒரு மாதமாக. போன வாரம்தான் ஹார்மோன் ஊசி போட்டார்கள். இரண்டு நாளாகக் கால் தடுமாறுகிறதாம், சிறுநீரும் சரியாகப் போகவில்லையாம். அடுத்த வாரம் அப்பாயிண்ட்மென்ட் இருக்கிறது. அதுவரை நீவி விடலாமா என்று அம்மா கேட்கிறார்கள்.

தம்பி, இதைப் படித்ததும் வீட்டுக்குப் போன் போடுங்கள். அடுத்த வாரம் இல்லை, இன்று ராத்திரியே. எம்.ஆர்.ஐ. இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். முதுகெலும்பில் வளர்ந்தது தண்டுவடத்தை நசுக்குகிறதோ என்ற சந்தேகம் எனக்கு. உடனே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, முதுகு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ., பிறகு அறுவையா கதிர்வீச்சா இரண்டுமா என்று முடிவு செய்வார்கள். நடந்து வருகிறவர் பெரும்பாலும் நடந்தே திரும்புவார். கால் முழுதாக விழுந்த பிறகு வந்தால் எழுப்புவது கஷ்டம்.

நான் பார்த்த ஒரு பெரியவர் ஒரு வெள்ளிக்கிழமை, "செருப்பு கழன்றதே தெரியவில்லை, பத்தடி தள்ளித்தான் பார்த்தேன்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை ஸ்ட்ரெச்சரில் வந்தார்.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்லுங்கள். சில வகை ஹார்மோன் ஊசிகள் முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும், அந்த நேரத்தில் முதுகெலும்பில் இருப்பது வீங்கலாம். அதைத் தடுக்கக் கூடவே மாத்திரை கொடுப்பார்கள். கொடுத்தார்களா என்று சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆணின் விரையை எடுத்துவிட்டால் புராஸ்டேட் புற்று அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் நோபல் வாங்கினார். அந்தச் சின்ன அறுவையில் ஹார்மோன் சில மணி நேரத்தில் இறங்கும், இந்த ஏற்றமும் இல்லை, ஊசிச் செலவும் இல்லை. மானம் போகும் என்று மறுக்கிறார்கள்.

நீவக் கூடாது.

மதுரை, மருமகன்: மாமனாருக்கு இடுப்பெலும்பில் ஒரே ஒரு நாள் கரண்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர் ஒருவருக்குத் தனியாரில் பத்து நாள் வைத்தார்கள். காப்பீட்டு அட்டை என்பதால் சுருக்கிவிட்டார்களா?

ஒருவகையில் இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். இல்லை, சுருக்கவில்லை. ஒரே நாளில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) கொடுப்பதும், பத்து நாளில் 30 கிரே கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் சமம். பல ஆய்வுகளில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்தாயிற்று, எந்த வழியில் கொடுத்தாலும் நூற்றுக்கு 60 பேர் போல வலி குறைகிறது. குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் ஓரிரு நாள் வலி கூடினாலும் பயப்பட வேண்டாம்.

கோவை, கதிர்வீச்சுத் தொழில்நுட்பர்: சார், மெஷினில் படுக்க வைக்கிறவன் நான். ஒரு நாள் கொடுத்தவர்கள்தான் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள். அதை ஏன் சொல்லவில்லை?

சொல்லவிடுங்கள் ஐயா! உண்மைதான். ஒரு நாள் கொடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மறுபடி கொடுக்க வேண்டி வருகிறது, பல நாள் கொடுத்தவர்களில் நூற்றுக்கு எட்டு பேருக்குத்தான். ஆனால் இதில் பாதி மருத்துவரின் மனசு. 8 கொடுத்த இடத்தில் மறுபடி கொடுக்கக் கை கூசாது, 30 கொடுத்த இடத்தில் கூசும்.

கோவை: நோயாளிக்கு அலைச்சல் இரண்டு தடவை ஆகிறதே.

ஐந்தில் நாலு பேருக்கு ஒரே தடவைதானே? இடுப்பு வலிக்கிற ஒரு மனுஷரைப் பத்து நாள் பஸ்ஸில் ஏற்றி இறக்கி, அந்தத் தகர மேஜையில் மல்லாத்திப் படுக்க வைக்கிறோம். படுக்கும்போது அவர் பல்லைக் கடிப்பதை என்னைவிட நீங்கள்தான் கிட்டத்தில் பார்த்திருப்பீர்கள்.

மதுரை: அப்படியானால் தனியாரில் ஏன் பத்து?

கொஞ்சம் பழக்கம். கொஞ்சம், நாள் கணக்கில் போடுகிற பில். எல்லாரையும் சொல்லவில்லை. தண்டுவடம் நசுங்கியவர், அறுவை முடிந்து கம்பி வைத்தவர், எலும்புக்கு வெளியே பெரிய கட்டி உள்ளவர் என்றால் நானும் ஐந்தோ பத்தோதான் கொடுத்தேன். சொந்தக்காரருக்கு அப்படி ஏதாவது இருந்ததா?

மதுரை: முதுகில் ஆபரேஷன் நடந்தது.

சரி, அதை முதலிலேயே சொல்லியிருந்தால் கோவைக்காரரிடம் நான் திட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

திருச்சி: என் மனைவிக்குப் பத்து நாள் கொடுத்தார்கள், நன்றாக இருக்கிறாள். உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது கெட்டுப்போனால்?

நன்றாக இருப்பது சந்தோஷம். பத்து நாள் தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஒரு நாள் ஏமாற்று வேலை இல்லை என்றுதான் சொன்னேன். இத்துடன் இதை நிறுத்திக்கொள்வோம், வரிசை நீண்டுவிட்டது.

ஈரோடு: மாதம் ஒரு ஊசி, ஜோலெட்ரானிக் ஆசிட். போட்ட அன்று காய்ச்சல். நிறுத்திவிடலாமா?

முதல் தடவை காய்ச்சலும் உடம்புவலியும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். இடிக்கிற ஆளைக் கட்டிப்போடுகிற மருந்து அது. புற்றைக் கொல்லாது, முறிவைக் குறைக்கும். பலருக்கு மூன்று மாதத்துக்கு ஒன்றே போதும் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது, கேட்டுப்பாருங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினை ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். சொத்தைப் பல் இருந்தால் ஊசி தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். தொடங்கிய பின் பல்லைப் பிடுங்கினால் சிலருக்குத் தாடையெலும்பு ஆறாமல் வெளியே தெரியும். இதே வேலைக்கான டெனோசுமாப் ஊசி போடுகிறவர்களுக்கும் பல் விஷயத்தில் இதேதான்.

தென்காசி: அக்காவுக்கு நுரையீரலில் இருந்து தொடையெலும்புக்கு வந்துவிட்டது. ஊன்றினால் வலி. வர்மம் பார்க்கிறவர் எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்கிறார்.

மூன்றாவது தடவை. அரித்த தொடையெலும்பு ஓட்டை விழுந்த மூங்கில், திருகினால் படக்கென்று போகும். ஊன்றும்போது வலிப்பதே எச்சரிக்கை. எலும்பின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அரித்திருந்தால், உடைவதற்கு முன்பே உள்ளே கம்பி வைப்பது பற்றி எலும்பு மருத்துவர் யோசிப்பார். எக்ஸ்ரேயை அவரிடம் காட்டும்வரை அக்கா அந்தக் காலில் பாரம் போடக் கூடாது.

நாமக்கல்: இது எலும்புப் புற்றுநோயா, பரவியதா?

மேலே திண்டுக்கல் மகளுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விழுப்புரம்: எலும்புப் புற்றுநோய் என்றால் காலை எடுத்துவிடுவார்களா?

திண்டுக்கல்.

தஞ்சாவூர்: மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். பழக்கமாகிவிடும், கடைசிக் கட்டம் என்கிறார் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு ஒரு ராத்திரி அந்த வலி வந்தால் தெரியும். வலிக்குக் கொடுத்து, மருத்துவர் பார்த்துப் பார்த்து ஏற்றும்போது போதைக்கு அடிமையாவது குறைவு. கடைசிக் கட்டத்துக்கு மட்டுமான மருந்தும் இல்லை. கதிர்வீச்சு வேலை செய்ததும் குறைத்து நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். திடீரென்று மட்டும் நிறுத்தாதீர்கள். வலிக்கும்போது விழுங்குகிற மாத்திரையாக வைக்காமல் மணிப்படி கொடுங்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், முதல் நாளே அதற்கும் மருந்து கேளுங்கள். போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்திப் பல லைசென்ஸ்களை ஒன்றாக்கினார்கள், இருந்தும் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. வலி நிவாரணப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

கடலூர்: அப்பா பகலெல்லாம் தூங்குகிறார், தாகம், மலம் போகவில்லை, பேச்சு குழறுகிறது. எலும்புக்குக் கால்சியம் மாத்திரை தினம் கொடுக்கிறோம்.

மாத்திரையை நிறுத்திவிட்டு இன்றே ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். எலும்பு கரைந்து கால்சியம் ஏறினால் இப்படித்தான் இருக்கும், சலைனிலும் ஊசியிலும் இறங்கும். வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

ஷார்ஜா, மகன்: டாக்டர், அண்ணன் வேன் பிடித்துக் கூட்டிப்போய்விட்டான். எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். இன்னும் கால் அசைகிறதாம். நான் என்ன கேட்க வேண்டும்?

ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். சிறுநீர் கட்டியிருந்தால் குழாய் வைத்தார்களா என்று கேளுங்கள். படுக்கையில் திருப்பும்போது இடுப்பைத் தனியாக, தோளைத் தனியாகத் திருப்பாமல் மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி ஒன்றாகத் திருப்பச் சொல்லுங்கள். கதிர்வீச்சு மருத்துவர் ராத்திரியே வருகிறாரா, காலையிலா என்று தெரிந்ததும் எழுதுங்கள். நான் விழித்திருப்பேன்.