கல் இல்லாத ஊரில் நிலவியல்: டெல்டா மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

இளநிலை முதலாமாண்டில் துணைப்பாடமாக வைக்கப்படும் நிலவியல், இயற்கை வளங்கள் பற்றிய அறிமுகப் பாடத்தைத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும் அனுப்பிய கேள்விகள் இங்கே உள்ளன. இப்பாடத்தை நெடுங்காலம் நடத்தியவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திருவாரூர், முதலாமாண்டு மாணவி: ஐயா, எங்கள் பக்கம் மலையும் இல்லை, பாறையும் இல்லை. ஆய்வகப் பெட்டியில் இருந்த கனிமத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன். ஆனாலும் செய்முறைத் தேர்வில் குவார்ட்சையும் கால்சைட்டையும் மாற்றி எழுதிவிட்டேன். பாறையையே பார்க்காமல் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடம் வராதா?

பதில்: பாறை இல்லை என்பது பாதி உண்மைதான். குடகு மலையிலிருந்தும் மைசூர்ப் பீடபூமியிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் நைஸ், சார்னோகைட், கிரானைட் ஆகிய பாறைகளை அரித்து, காவிரியும் அதன் துணையாறுகளும் கொண்டுவந்து சேர்த்த துகள்களே உங்கள் ஊர் ஆற்றுமணல். ஒரு பிடி மணலைக் கழுவி உலர்த்தி, வெள்ளைத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் பாருங்கள். நிறமற்றுத் தெளிவாக இருப்பவை பெரும்பாலும் குவார்ட்ஸ். கலங்கிய வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகங்களுடன் இருப்பவை ஃபெல்ட்ஸ்பார். தகடு தகடாக மின்னுபவை அபிரகம். காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் துகள்கள் மேக்னடைட். தரங்கம்பாடிப் பக்கக் கடற்கரைக்குப் போனால், கனமான கார்னெட்டையும் இல்மனைட்டையும் அலையே பிரித்துச் சிவப்பு, கறுப்பு வரிகளாக ஒதுக்கி வைத்திருப்பதைக் காணலாம்.

குவார்ட்சையும் கால்சைட்டையும் மாற்றி எழுதுபவர்கள் அநேகமாக நிறத்தை நம்பியவர்கள்தாம். இரண்டும் வெள்ளையாக இருக்கலாம் என்பதால் நிறம் உதவாது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் குவார்ட்சின் கடினம் 7. அது கண்ணாடியைக் கீறும். கால்சைட்டின் கடினம் 3. பேனாக்கத்தியே அதைக் கீறிவிடும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி விட்டால் நுரைக்கும். பெயரை மனப்பாடம் செய்வதற்கு முன் சோதனையைக் கையால் செய்து பழகுங்கள்.

மன்னார்குடி, இரண்டாம் பருவ மாணவர்: எங்கள் காலடியில் பெருமளவு பழுப்பு நிலக்கரி இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். தேர்வில் அதை "இருப்பு" என்று எழுதியதற்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. இருப்பது இருப்புதானே?

பதில்: உங்கள் ஆசிரியர் சரியாகவே திருத்தியிருக்கிறார். பூமிக்குள் இருப்பதாக அறியப்பட்ட மொத்த அளவு வளம். அதில் இன்றைய தொழில்நுட்பத்தாலும், இன்றைய விலையிலும், இன்றைய சட்டத்திற்கு உட்பட்டும் எடுக்கக்கூடிய பகுதி மட்டுமே இருப்பு. தேர்வில் வரும் கணக்கு இவ்வளவுதான்: 2 கிலோமீட்டர் நீளம், 1 கிலோமீட்டர் அகலம், 10 மீட்டர் தடிமன் உள்ள படுகையின் கன அளவு 2 கோடி கன மீட்டர், அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 டன் என்றால் 2.4 கோடி டன். கணக்கை இத்துடன் நிறுத்தினால் கிடைப்பது வளம். அதன் மேல் எவ்வளவு மண் கிடக்கிறது, அதன் கீழ் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் இருப்பை நோக்கி நகர்கிறீர்கள்.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கண்ட கரும்பழுப்புப் பொருள்தான் பின்னர் பழுப்பு நிலக்கரி என்று உறுதியானது. 1956-இல் அதற்கென அரசு நிறுவனம் அமைந்தது. அங்கே பெரிய இடர் நிலக்கரிக்குக் கீழே இருந்தது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் உள்ள மணற்பாறையில் அடைபட்ட நிலத்தடிநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள சுமையை வெட்டி எடுத்தால் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் புகுந்துவிடும். எனவே இடைவிடாது நீரை இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தபடியேதான் அங்கே நிலக்கரி எடுக்கிறார்கள். இறைக்கப்படும் அதே நீர்த்தாங்கியைச் சுற்றுவட்டார விவசாயிகளும் நம்பியிருக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் எழுதாத விடைத்தாளுக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

மன்னார்குடிப் பகுதியின் படிவு, அளவில் இந்தியாவிலேயே மிகப் பெரிய பழுப்பு நிலக்கரிப் படிவாகக் கணிக்கப்படுவது. ஆனால் நெய்வேலியைவிட ஆழத்தில் கிடக்கிறது. அதன் மேலே நீர்த்தாங்கிகள், அவற்றின் மேலே வண்டல், வண்டலின் மேலே மூன்று போகம் வரை விளையக்கூடிய நிலம். ஆக, ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு வளங்கள். அடியில் உள்ளதை எடுக்க வேண்டுமானால் மேலே உள்ள மூன்றையும் தொடாமல் எடுக்க முடியாது. பட்டியலாகப் படித்தால் இவை நான்கு தனித்தனிப் பாடங்கள்; ஒரே செங்குத்து வெட்டுமுகமாக வரைந்தால் ஒரே பாடம். டெல்டா மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான்.

சட்டமும் இருப்பைத் தீர்மானிக்கும் என்றேன். தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020-இல் நிறைவேறியது. புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணமும் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுப்பும் அதில் தடை செய்யப்பட்டவை. வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் இடம்பெற்று, மாநிலத்தில் எழுந்த எதிர்ப்பால் 2023 ஏப்ரலில் நீக்கப்பட்டன. பூமிக்குள் ஒரு டன்கூடக் குறையவில்லை. எடுக்கலாமா என்பதற்கான விடை மட்டும் மாறியது.

நாகப்பட்டினம், மாணவர்: நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்கிறது என்றே பள்ளிக்காலம் முதல் நினைத்திருந்தேன். இல்லை என்று வகுப்பில் சொன்னபோது குழப்பம்தான் மிஞ்சியது.

பதில்: தண்ணீரில் ஊறிய செங்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குளம் எதுவும் இல்லை, ஆனால் கல் முழுவதும் நீர். எண்ணெயும் மணற்பாறையின் நுண்துளைகளில் அப்படித்தான் இருக்கிறது. இந்தியாவும் மற்ற தென்கண்டங்களும் ஒன்றாக இருந்த கோண்டுவானா கண்டம் பிளந்த காலத்தில் இந்தியாவின் கிழக்கு விளிம்பு விரிசல் கண்டு தாழ்ந்து, காவிரிப் படுகை எனப்படும் இந்தப் பள்ளம் உருவானது. தாழ்ந்த தொட்டிகளில் சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் படிவுகள் சேர்ந்தன. தொட்டிகளுக்கு இடையே புதையுண்ட முகடுகள் நிற்கின்றன. ஆழத்தில் வெந்த களிப்பாறை எண்ணெயைத் தந்தது. அது மேல்நோக்கி நகர்ந்து, நுண்துளையுள்ள பாறையில் தங்கி, அதன் மேல் மூடிய களிமண் அடுக்கால் தடுக்கப்பட்டது. தேர்வில் மூலப்பாறை, தேக்கப்பாறை, மூடுபாறை, பொறி (எண்ணெய் தப்பிவிடாமல் பிடித்துவைக்கும் பாறை அமைப்பு) என்ற வரிசையில் எழுதுங்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எண்ணெய் வயல் இல்லை.

வேதாரண்யம், மாணவி: எங்கள் தெருவில் கைப்பம்பு நீர் உப்பு. கடல்நீர் உட்புகுதல் பற்றிய சூத்திரத்தில் நாற்பது என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது புரியாமலே எழுதித் தேறினேன்.

பதில்: நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. நன்னீர் இலேசானது என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. 1.000-ஐ இரண்டின் வேறுபாடான 0.025-ஆல் வகுத்தால் 40. அதாவது நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்திற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். அந்த 1 மீட்டர், இறைப்பினால் அரை மீட்டராகக் குறைந்தால், உப்புநீர் 20 மீட்டர் மேலே ஏறும். சமதளமான கடைமடையில் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட அதிகம் உயர்ந்திருப்பதில்லை. எனவே சிறிய இறைப்பும் பெரிய விளைவைத் தரும். ஆனால் இது ஒரே மாதிரியான மணல் நிலத்திற்கான கணக்கு. டெல்டாவில் இடையிடையே களிமண் அடுக்குகள் இருப்பதால், மேலே உப்பும் ஆழத்தில் நன்னீருமாக அமைந்த இடங்களும் உண்டு. அத்தகைய இடத்தில் மேல் அடுக்கைச் சரியாக அடைக்காமல் ஆழத்துக்குக் குழாய் இறக்கினால் கீழே உள்ள நல்ல நீரையும் கெடுத்துவிடுவோம்.

உங்கள் ஊரில் இந்தப் பாடத்திற்கு வேறு எவருக்கும் இல்லாத ஆய்வகம் ஒன்று இருக்கிறது. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிய ஊர் என்று வரலாற்று வகுப்பில் படித்திருப்பீர்கள். நிலவியல் மாணவியாக அந்த உப்பளத்திற்குப் போங்கள். கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும், அதற்குப் பின்னரே சாப்பாட்டு உப்பும் படியும். கடைசியில் மிஞ்சும் கைப்புநீரில் மெக்னீசியம் உப்புகள் இருக்கும். பாடநூல் "ஆவியாதல் படிவுகள்" என்று ஒரு பத்தியில் முடித்துவிடும் செய்தியை அங்கே பாத்தி பாத்தியாகப் பார்க்கலாம்.

தஞ்சாவூர், மாணவர்: அரியலூர்க் களப்பயணத்தில் வெயிலில் அலைந்ததுதான் நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டு போகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

பதில்: குறைவான இடங்களைப் பாருங்கள், அதிகமாக எழுதுங்கள். ஒரே நாளில் ஆறேழு இடங்களுக்குப் பேருந்தில் கொண்டுபோய் இறக்கி ஏற்றும் பயணத்தால் படங்கள் மட்டுமே மிஞ்சும். காரை என்ற ஊரில் மழைநீர் அரித்த செந்நிறக் களிமண் நிலமும், அதன் குறுக்கே ஓடும் ஜிப்ச நரம்புகளும், அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரின் தொல்லுயிர் எச்சங்களும், சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கமும் போதும். நேரம் இருந்தால் சாத்தனூரில் கல்லாக மாறிக் கிடக்கும் கல்மரம். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் இங்கே கிடந்தது என்பதும், இன்றைய சிமெண்டுத் தொழில் அந்தக் கடலின் எச்சத்தை உண்டு வாழ்கிறது என்பதும் அந்த மூன்று நான்கு இடங்களிலேயே விளங்கிவிடும். உருண்டைக் கல்லைப் பார்த்ததும் டைனோசர் முட்டை என்று கைப்பேசியில் பரப்பாதீர்கள். குன்னம் பக்கம் அப்படிப் பரவியவை அம்மோனைட்டை உள்ளே கொண்ட கல்லுருண்டைகள் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கல்மரத்தை 1940-இல் அறிவித்த எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர். அவரும் தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்துக்காரர்தாம். கல் இல்லாத ஊர் என்று சலித்துக்கொள்பவர்களுக்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

கும்பகோணம், மாணவி: மணலைப் புதுப்பிக்கத்தக்க வளம் என்று எழுதினேன், தவறு என்றார்கள். வெள்ளம் வந்தால் ஆறு மறுபடி கொண்டுவராதா?

பதில்: கொண்டுவரும், எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் மேலிருந்து வரும் மணலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. வரவு குறைந்து எடுப்பு கூடினால் படுகை தாழும். ஆற்றின் தலைமதகை விடப் படுகை தாழ்ந்துவிட்டால் வாய்க்காலில் நீர் ஏறாது. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கும். ஆகவே "வரவுக்கு உட்பட்டு எடுத்தால் மட்டும் புதுப்பிக்கத்தக்கது" என்று எழுதியிருந்தால் யாரும் தவறு என்று சொல்லியிருக்க முடியாது. உங்கள் பக்கத்துச் சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் சிற்பிகள் மெழுகு உருவத்தின் மேல் பூசுவது காவிரியின் நுண்ணிய வண்டலைத்தான். அளவில் அது மிகச் சிறிது, மதிப்பில் மிகப் பெரிது. வளத்தை டன்னால் மட்டும் அளக்கக் கூடாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாக விடைத்தாளில் பயன்படும்.

பட்டுக்கோட்டை, ஒரு மாணவரின் தந்தை: இதைப் படித்தால் வேலை உண்டா?

பதில்: இந்த ஒரு பாடத்தால் இல்லை. நிலவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றால், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுதி இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கோ மத்திய நிலத்தடிநீர் வாரியத்துக்கோ போகலாம். பையனுக்கு வெயிலில் நடக்கப் பிடிக்குமா என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

பாபநாசம், மாணவர்: பருவ இறுதித் திட்டக் கட்டுரைக்கு எல்லோரும் இணையத்தில் கிடைப்பதைத் தொகுக்கிறார்கள். வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஊரில் யாராவது ஆழ்துளைக் கிணறு போடும்போது நிலத்துக்காரரின் அனுமதியுடன் பக்கத்தில் இருங்கள். பத்தடிக்கு ஒருமுறை வெளிவரும் மண்ணை ஒரு பையில் இட்டு, ஆழத்தை எழுதி ஒட்டுங்கள். நிறம், துகளின் பருமன், களியா மணலா, அமிலத்தில் நுரைக்கிறதா, நீர் எந்த ஆழத்தில் வந்தது, சுவை எப்படி என்று குறித்துக்கொண்டு, அளவுப்படி ஒரு நெடுங்கட்டமாக வரையுங்கள். இரண்டு மூன்று கிணறுகளின் கட்டங்களை அடுத்தடுத்து வைத்தால் எந்த மணல் அடுக்கு தொடர்கிறது, எது நடுவில் மறைகிறது என்று தெரியும். மறைகிற இடம் பழைய ஆற்றுத்தடத்தின் விளிம்பாக இருக்கலாம். துரப்பணக்காரர்கள் ஆழத்தைக் குழாய்க் கணக்கில் அடியாகச் சொல்வார்கள். மீட்டருக்கு மாற்றுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், களத்தில் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். நடவு தொடங்கிவிட்டால் வயலுக்குள் வண்டி இறங்காது என்பதால், மேட்டூர் திறக்கும் முன் கோடையிலேயே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.